நாடா வைத்த இடம்

வத்தளை
21.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டாலும் போடுவீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பொங்கலுக்கு வந்து போனதிலிருந்து ஐந்து தடவை போன் எடுத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் உங்கள் மருமகள் சுதர்ஷினிதான் பேசுகிறாள். "அத்தை மலைக்குப் போயிட்டாங்க" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமையுமா தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறீர்கள்? பின்னால் நீங்கள் இருமியது எனக்குக் கேட்டது.

போனில் பிடித்தாலும் இந்த விஷயத்தைப் பேச முடியாது. உங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதல் காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவிலிருந்து 'நூறு' என்று சத்தம் வரும். கடிதத்தைத் தோட்டத்து ஆபீசுக்கு அனுப்பினால் யார் யார் கையிலோ சுற்றி வரும். அதனால்தான் அக்கரப்பத்தனை டவுனில் சோமசுந்தரம் அண்ணன் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். சாமான் வாங்கப் போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

பொங்கலன்று நான் பேசியது தப்பு. நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து, வலி மாத்திரை இருக்கிறதா என்று மெதுவாகத்தான் கேட்டீர்கள். நான்தான் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன். "மூத்திரம் ஒழுகுறத நிப்பாட்ட அவ்வளவு பாடுபட்டு ஆபரேசன் செஞ்சு விட்டா, ஒரு மாசம் ஆகுமுன்னே மூணாம் கிழமையே கூடையைத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போனீங்க. இப்ப வலிக்குதுன்னா யார் என்ன செய்யிறது?" சுதர்ஷினி பானையைக் கிண்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உங்களுக்கு நடந்தது கர்ப்பப்பை ஆபரேசன் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். ஐந்து வருஷம் நாம் இரண்டு பேரும் மூடி வைத்ததை ஒரு நிமிடத்தில் போட்டு உடைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நான் கிளம்பியபோது நீங்கள் வெளியே வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று எழுதுங்கள். இரத்தம் படுகிறதா என்றும் எழுதுங்கள். என்னிடம் என்ன வெட்கம், நான் உங்கள் இடுப்பில் வளர்ந்தவள்தானே.

ஜெயந்தினி


அக்கரப்பத்தனை
04.02.2024

ஜெயந்திக்கு,

அடுப்பில் போடத்தான் நினைத்தேன். முத்திரை ஒட்டி அனுப்பியிருக்கிறாயே, படித்துவிட்டுப் போடலாம் என்று படித்தேன்.

மலைக்குப் போய்விட்டேன் என்று சொல்லச் சொன்னது நான்தான். சுதர்ஷினியைக் கோபிக்காதே. நீ போன பிறகு அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் என் துணியை இப்போது அவளே எடுத்துப் போய்த் துவைக்கிறாள். நீ கத்தியதைவிட அதுதான் எனக்குப் பெரிய வேதனையாக இருக்கிறது.

நீ சொன்னதில் பொய்யில்லை. மூன்றாம் கிழமை போனேன். ஆறு கிழமை பாரம் தூக்கக் கூடாது என்று நீ சொன்னாய், எனக்கும் நன்றாக விளங்கியது. ஆனால் காலையில் ஆள் கூப்பிடுகிற பெரட்டில், வேலை வாங்குகிற கண்டாக்கையா என் பேரை வாசித்துவிட்டு, "இன்னும் ஒரு கிழமை பாப்பேன், அப்புறம் பேரை வெட்டிருவேன்" என்றாராம். முப்பத்தாறு வருஷம் செக்ரோலில் இருந்த பேர். போனேன்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்த ஆபரேசனுக்குப் பிறகு ஒரு வருஷம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? அதற்கு முன்னால் பத்து வருஷம் ஈரத்தோடு இருந்தவள். இருமினால் போகும், கூடையோடு ஒரு படி ஏறினால் போகும். மலையில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இடுப்பில் கட்டும் படங்குத் துணி பனியிலும் மழையிலும் எப்படியும் நனைந்துதான் இருக்கும். வாடை வந்துவிடுமோ என்று எப்போதும் கடைசி நிரையை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே வருவேன். கிருஷாந்தி கல்யாணத்தில் என் ஒரே மகளுக்குத் தாரை வார்க்கும்போது நான் மணவறைக்கு வரவில்லை என்று நீ சண்டை பிடித்தாயே, அப்போது நான் கோயில் பின்பக்கம் சேலையை அலசிக்கொண்டு நின்றேன். நீதான் வந்து பார்த்தாய். பார்த்த பிறகுதான் ஆபரேசன், ஆபரேசன் என்று என் உயிரை எடுத்தாய்.

ஆபரேசன் முடிந்து நாலு மாதத்தில் நான் நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே போனேன். ஜன்னல் பக்கம். இறங்கிப் பார்த்தால் சேலை காய்ந்திருந்தது. வழியெல்லாம் உன்னைத்தான் நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் இது தொடங்கியது. ஆபரேசனில் உள்ளே நாடா வைத்த இடத்தில் மணல் அகப்பட்ட மாதிரி உறுத்தும். பிறகு துணியில் கறை. மாதம் நின்று எத்தனை வருஷம், இது என்ன என்று பயந்தேன். மூத்திரம் போகும்போது எரிச்சல். இன்னொன்றும் எழுதுகிறேன், எழுதவே கூசுகிறது, படித்ததும் கிழித்துப் போடு. ஒரு நாள் உன் அத்தான், ஏதோ குத்துகிறது என்றார். அதற்குப் பிறகு அவர் வெளிப்பக்கம் படுக்கிறார். எனக்கு விருப்பமில்லை, சாக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் என்னத்தைச் சொல்வது?

எல்லாம் அந்தக் கூடையால் வந்த வினை. அதனால்தான் ஒரு டொக்டரிடமும் போகவில்லை. போனால், யார் உன்னைத் தூக்கச் சொன்னது என்று நீ கேட்டதைத்தான் அவர்களும் கேட்பார்கள். வாங்கிக் கட்டிக்கொள்வதற்கு பஸ் பிடித்து வேறு போக வேண்டுமா?

இனி இதைப் பற்றி எழுதாதே.

பேச்சியம்மா


வத்தளை
11.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இரத்தம் படுகிறது என்று படித்த பிறகு எப்படி எழுதாமல் இருப்பது?

நுவரெலியா கிளினிக்குக்குக் கட்டாயம் போங்கள். இப்போது தமிழ் பேசுகிற பெண் டொக்டர் ஒருவர் இருக்கிறாராம், எங்கள் துணிக்கடையில் வேலை செய்யும் நானுஓயாப் பிள்ளை சொன்னாள். சுதர்ஷினியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவளுக்குத்தான் இப்போது எல்லாம் தெரியுமே.

அப்புறம், எல்லாம் கூடையால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். வேறு காரணமும் இருக்கலாம். இதைப் பற்றி இன்னும் எழுத வேண்டும். நேரில் வரும்போது சொல்கிறேன்.

மறக்காமல் போங்கள்.

ஜெயந்தினி


அக்கரப்பத்தனை
17.03.2024

ஜெயந்திக்கு,

போனேன். நீ சொன்னதற்காக இல்லை. சுதர்ஷினி ஒரு காலையில் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, "வாங்க அத்தை" என்று வாசலில் நின்றுவிட்டாள். நின்றால் நகர மாட்டாள், உனக்குத் தெரியும்.

டொக்டர் சின்னப் பிள்ளை. மட்டக்களப்பாம். படுக்க வைத்துப் பார்த்தது. பிறகு என்னை உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னது. உள்ளே வைத்தது வெறும் நாடா இல்லையாம். நைலோன் மாதிரி ஒரு நூலில் பின்னிய வலையாம். மூத்திரக் குழாய்க்குக் கீழே தாங்கலாக வைப்பார்களாம். நம் சதை அந்த வலையின் ஓட்டைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டுமாம், அதுதான் கணக்காம். அநேகம் பேருக்கு அப்படித்தான் பிடித்துக்கொண்டு நன்றாகிவிடுகிறதாம். சில பேருடைய உடம்பு மட்டும் அதை அந்நியமாகவே பார்க்குமாம். ஓயாமல் அதோடு சண்டை போட்டுப் புண்ணாகி, மேலே மூடியிருக்கும் தோல் மெலிந்து, கடைசியில் வலை வெளியே தெரிந்துவிடுமாம். எனக்குத் தெரிகிறதாம். உன் அத்தானைக் குத்தியது அதுதான்.

நான் கூடை தூக்கியதைச் சொன்னேன். ஒளிக்கவில்லை. அதனால்தான் என்று சொல்ல முடியாதம்மா, தூக்காத ஆட்களுக்கும் இது வருகிறது என்றது. ஜெயந்தி, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நாலு வருஷம் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேனே என்று அழுதேன்.

பிறகு அந்தப் பிள்ளை கேட்டது, இப்படியெல்லாம் நடக்கலாம் என்று ஆபரேசனுக்கு முன்னால் உங்களுக்குச் சொல்லவில்லையா என்று. சொல்லவில்லை என்றேன். சொல்லியிருக்க வேண்டுமே என்றது.

வீட்டுக்கு வந்ததும் சுதர்ஷினி என் மகன் விஜிதரனிடம் சொல்லிவிட்டாள். அவன் குதிக்கிறான். தோட்டத்து ஆட்கள் என்றால் இவன்களுக்கு இளக்காரமா என்று கேட்டுக்கொண்டு சங்கத் தலைவரிடம் போய் ஒரு மனு எழுதி வாங்கி வந்துவிட்டான். ஆபரேசன் செய்த அந்த டொக்டர் பேரில். ஒன்றுமே சொல்லாமல் ஏமாற்றி வலையை வைத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறது. எனக்கு நம்பவே முடியவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, 'அம்மே, அம்மே' என்று கையைப் பிடித்துப் பேசிய மனுஷன்.

அன்றைக்கு அறையில் இருந்தது அவர், நான், நீ. அவர் பேசிய சிங்களத்தை எனக்குத் தமிழில் சொன்னது நீ. நீதான் சாட்சி. சித்திரைக்கு வரும்போது மனுவில் கையெழுத்துப் போட்டுவிடு. விஜிதரன் உனக்காகத்தான் வைத்திருக்கிறான்.

பொங்கலன்று கத்தியதை மறந்துவிட்டேன். இனி போன் எடு, நானே பேசுகிறேன்.

பேச்சியம்மா


வத்தளை
31.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

போன் எடுக்கவில்லை. உங்கள் குரலைக் கேட்டால் இதைச் சொல்ல மாட்டேன். இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

மனுவில் நான் கையெழுத்துப் போட முடியாது. அந்த டொக்டர் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார்.

உங்களுக்கு நினைவிருக்கும், மேசை மேல் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இது வலை, இதைச் சதை பிடித்துக்கொள்ளும், நூற்றில் சில பேருக்கு உடம்பு ஏற்காது, புண்ணாகலாம், வெளியே வரலாம், வலி நிற்காமலும் போகலாம், புருஷன் பெண்டாட்டிக்குள் கஷ்டம் வரலாம் என்றார். வைப்பது லேசு, எடுப்பது லேசில்லை, முழுதாக எடுக்கவே முடியாமல் போகலாம் என்றார். கடைசியில், "அவசரமில்லை, அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு அடுத்த மாதம் வாருங்கள்" என்றார்.

நீங்கள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாடி சொல்றாரு?" என்று கேட்டீர்கள்.

நான் சொன்னது: "சின்ன நாடா ஒண்ணு வைப்பாங்களாம். பயமில்லையாம். நாளைக்கே செய்யலாமாம்." அவரிடம், அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, இப்போதே சம்மதம் என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னையே ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன். அதற்கு முந்திய வருஷம் கத்தி என்ற சொல்லைக் கேட்டே நீங்கள் ஆஸ்பத்திரிக் கேட்டில் இருந்து திரும்பிப் போனவர். இதைச் சொன்னால் மறுபடியும் போய்விடுவீர்கள். அடுத்த மாதமும் வர மாட்டீர்கள். கோயில் பின்பக்கம் நீங்கள் சேலையை அலசிக்கொண்டு நின்றது என் கண்ணிலேயே நின்றது. நூற்றில் சில பேர்தானே, என் அக்காவுக்கா வரப்போகிறது என்று நினைத்தேன். அது மட்டுமில்லை. சின்ன வயதிலிருந்து நீங்கள் எனக்குச் செய்தீர்கள், இப்போது நான் உங்களுக்குச் செய்து காட்ட வேண்டும் என்ற பெருமையும் இருந்தது. உங்கள் உடம்பில் என் பெருமையைக் காட்டினேன்.

இதுவே தப்பு. இதைவிடப் பெரிய தப்பு பிறகு செய்தது. அடுத்த வருஷம் உறுத்துகிறது என்று நீங்கள் முதல் தடவை சொன்னபோதே எனக்குத் தெரியும். டொக்டர் சொன்னது நடக்கிறது என்று அந்த நிமிடமே தெரியும். ஆனால் என் வாயில் வந்தது, "கூடை தூக்கினீங்கல்ல" என்பதுதான். நீங்கள் உடனே தலையைக் குனிந்துகொண்டீர்கள். அது எனக்கு வசதியாகப் போய்விட்டது. பொங்கலன்று அவ்வளவு சத்தமாகக் கத்தியதும் அதனால்தான். சத்தம் போட்டால் எனக்கே அது உண்மை மாதிரிக் கேட்டது.

ஆஸ்பத்திரித் தாளின் அடியில் ஒரு வரி உண்டு. 'மேலே உள்ளவற்றை நோயாளிக்குத் தமிழில் விளக்கினேன்' என்று. அதில் என் கையெழுத்து இருக்கிறது. மனுவை அனுப்பினால் அந்தத் தாளைத்தான் எடுத்து வைப்பார்கள். ஆனால் அதற்குப் பயந்து இதை எழுதவில்லை. 'அம்மே' என்று கூப்பிட்ட மனுஷன் மேல் நான் செய்ததைப் போட முடியாது.

நீங்கள் என்ன செய்தாலும் சரி.

ஜெயந்தினி


அக்கரப்பத்தனை
10.04.2024

கடிதம் கிடைத்தது. மனுவைக் கிழித்துப் போடச் சொல்லிவிட்டேன். ஏன் என்று விஜிதரன் கேட்டான். டொக்டர் எல்லாம் சொன்னார், நான்தான் மறந்துவிட்டேன் என்று சொன்னேன்.

சித்திரைக்கு இங்கே வராதே.

பேச்சியம்மா


வத்தளை
23.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மேயில் ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. சோமசுந்தரம் அண்ணன் கடைக்குப் போன் எடுத்துக் கேட்டேன். வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள் என்றார். அந்த வரைக்கும் நிம்மதி.

சுதர்ஷினிதான் சொன்னாள், நுவரெலியாவில் கொடுத்த களிம்பு பூசிப் பார்த்தும் புண் மூடவில்லையாம், வலையை எடுக்கக் கண்டிக்கு அனுப்பப் போகிறார்களாம். விஜிதரன் உங்களை மறதிக்காரி என்று சொல்லி மருந்தைக் கூட அவளிடம்தான் கொடுக்கிறானாம். என்னைக் காட்டிக்கொடுக்காமல் அந்தப் பேரையும் நீங்கள் சுமக்கிறீர்கள். அவனிடம் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சொல்லட்டுமா?

இங்கே கடையில் புதிதாக வலைத் துணி வந்திருக்கிறது. கல்யாணப் பெண்களுக்கு முக்காடு தைக்க வாங்குகிறார்கள். அதை அளந்து வெட்டும்போது என் கை கூசுகிறது.

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

ஜெயந்தினி


அக்கரப்பத்தனை
18.08.2024

ஜெயந்திக்கு,

திட்டி எழுத உட்கார்ந்து நாலு மாதமாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பாதியில் வலி வந்துவிடும், எழுந்து போய்விடுவேன்.

விஜிதரனிடம் ஒன்றும் சொல்லாதே. அம்மாவுக்கு மறதி என்று நினைத்துக்கொண்டு இப்போதெல்லாம் என்னிடம் பொறுமையாகப் பேசுகிறான். முன்னால் அப்படிப் பேசியதில்லை. இருக்கட்டும்.

நீ எழுதியதற்குப் பதிலாக ஒன்று சொல்ல வேண்டும். நீ மட்டும் பேசிவிட்டுப் போனால் எப்படி? அன்றைக்கு அந்த டொக்டர் பேசிய நேரம் எனக்குத் தெரியும். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் பேசினார். படம் போட்டார், கையை விரித்துக் காட்டினார், தலையை ஆட்டினார், ஒரு இடத்தில் முகம் வாடிப்போனது. நீ சொன்னது ஒரே ஒரு வரி. முப்பத்தாறு வருஷம் நிறுவையில் நின்றவள் நான். கூடை நிறையக் கொழுந்தைக் கொட்டி, தராசு நாலு கிலோ என்று காட்டினால் எனக்கு விளங்காதா? விளங்கியது. நீ எதையோ விட்டுவிட்டாய் என்று அன்றே தெரியும். கேட்கவில்லை. எனக்கும் அந்த ஒரு வரிதான் வேண்டியிருந்தது. காய்ந்த சேலையோடு பஸ்ஸில் உட்கார ஆசைப்பட்டேன்.

ஆகையால் அதில் பாதி என் பங்கு. எடுத்துக்கொண்டேன்.

ஆனால் கூடையைச் சொன்னாயே, அதில் எனக்குப் பங்கில்லை. பயத்தில் விட்டது வேறு. நாலு வருஷம் நான் தலையைக் குனிந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு இருந்தது வேறு. அதை என்னால் இன்னும் முழுங்க முடியவில்லை. முழுங்கினால் எழுதுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் பத்தாம் தேதி கண்டியில் பெரிய டொக்டர் என்னைப் பார்க்கிறார். வலையை எடுப்பதைப் பற்றிப் பேசுவாராம். அவருக்குத் தமிழ் தெரியாது, சுதர்ஷினிக்குச் சிங்களம் போதாது. மொழிபெயர்க்க ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இந்தச் சங்கதியை நான் எந்த ஆளிடம் போய்ச் சொல்ல? நீ வா.

ஒரு ஒப்பந்தம். அங்கே வைத்து எனக்கு ஒன்றும் சொல்லாதே. வாயால் சொன்னால் உன் முகத்தைப் பார்த்து நான் நம்பிவிடுவேன். அவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள், வீட்டுக்குப் போய்ப் பேப்பரில் எழுதி அனுப்பு. அவர் தும்மினால் தும்மினார் என்று எழுது. நான் படித்துவிட்டு, ஆபரேசனுக்கு வருவதா வேண்டாமா என்று முடிவு பண்ணுகிறேன்.

பேச்சியம்மா


வத்தளை
15.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடியே எழுதுகிறேன். அவர் தும்மவில்லை.

முதலில் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். வலையில் ஒரு விரல் நகம் அளவு வெளியே தெரிகிறது என்றார். மீதி உள்ளே சதைக்குள் இருக்கிறது, சுருங்கி இறுகிப்போயிருக்கிறது, உங்களுக்கு உட்கார்ந்தால் இழுத்து வலிப்பது அதனால்தான் என்றார். உடம்புக்கு அது வேற்றுப் பொருள். அதைக் கரைக்க முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. ஒவ்வொரு நூலையும் சுற்றி உடம்பின் அணுக்கள் கூடிக்கொண்டு, பல அணு ஒன்றாகச் சேர்ந்து பெரிதாகி, அதை விழுங்கப் பார்க்கின்றன, விழுங்க முடியாமல் அப்படியே நிற்கின்றன என்றார். எடுத்த துண்டைச் சோதனைக்கு அனுப்பினால் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் அப்படித்தான் தெரியுமாம். அந்தச் சண்டை நிற்காதவரை புண்ணும் நிற்காதாம்.

ஆபரேசனில், வெளியே தெரிவதையும் குழாய்க்குக் கீழே இருக்கிற பகுதியையும் எடுப்பார். இரண்டு பக்கமும் தொடைப் பக்கமாகப் போகிற நுனிகளை எடுக்க மாட்டார். அங்கே நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கின்றன, தோண்டினால் நல்லதைவிடக் கெடுதல் அதிகம் என்றார். ஆகையால் கொஞ்சம் உங்களுக்குள்ளேயே இருக்கும், சாகும்வரை. எடுக்கும்போது மூத்திரக் குழாயில் ஓட்டை விழலாம். விழுந்தால் தைப்பார், பல நாள் குழாய் மாட்டியிருக்க வேண்டும்.

வலி குறையலாம். அநேகம் பேருக்குக் குறைகிறது. எல்லோருக்கும் இல்லை. உங்களுக்குக் குறையும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். நான் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதையே சொன்னார்.

ஒழுகுவது திரும்பி வரலாம். பாதிப் பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். முன்பைவிட அதிகமாகவும் வரலாம். வந்தால், புண் ஆறிய பிறகு உங்கள் சொந்தச் சதையிலேயே ஒரு பட்டை எடுத்துத் தாங்கல் வைக்க ஒரு வழி இருக்கிறதாம். அது இன்னொரு ஆபரேசன், பெரியது. இப்போதே அதைப் பற்றி நினைக்க வேண்டாம் என்றார். பழையபடி கூடை தூக்கக் கூடாது. ஆறு கிழமை இல்லை, இனி எப்போதுமே.

செய்யாமலும் இருக்கலாம். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் புண் பெரிதாகும், அடிக்கடி மூத்திரத்தில் கிருமி சேரும் என்றார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கடைசியில் அவர், இவ்வளவு காலம் ஏன் வரவில்லை என்று கேட்டார். நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். நான், "என் மேல் தப்பு, அக்கா தன்னால்தான் வந்தது என்று நினைத்து ஒளித்திருந்தார், நான்தான் அப்படி நினைக்க வைத்தேன்" என்று சொன்னேன். அதற்கு அவர் ஒன்று சொன்னார். அப்போதுதான் நான் அழுதேன். நீங்கள் என் தொடையைத் தட்டி, என்னவென்று கண்ணால் கேட்டீர்கள். எழுதுகிறேன் என்றேன்.

அவர் சொன்னது இதுதான். உறுத்தல் தொடங்கிய முதல் வருஷமே வந்திருந்தால், ஒரு சின்ன வெட்டில், வெளியே வந்த நுனியை மட்டும் நறுக்கித் தைத்துவிட்டு அனுப்பியிருக்கலாம். அநேகமாக ஒழுகலும் திரும்பியிருக்காது, வலியும் இப்படி வேரோடியிருக்காது.

இவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதையும் விடவில்லை.

ஜெயந்தினி


அக்கரப்பத்தனை
29.09.2024

ஜெயந்திக்கு,

மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை சுதர்ஷினியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். பக்கத்துக் காம்பராவில் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் கொழுந்து மலையில் அடுத்த நிரையில் நின்ற ஒருத்தி என் பக்கத்தில் வந்து, எனக்கும் இருமினால் போகிறது அக்கா என்றாள். இவ்வளவு வருஷம் அவளும் கடைசி நிரை கேட்டுத்தான் வாங்கியிருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் அதற்குச் சண்டை பிடித்திருக்கிறோம்.

உன் அத்தானிடமும் சொன்னேன். குத்தியது என்ன என்று சொன்னேன். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றார். அப்போது எனக்கே தெரியாது என்றேன். அவருக்கும் கண் கலங்கியது.

முதல் வருஷமே வந்திருந்தால் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் பேனா அழுந்தித் தாள் கிழிந்திருக்கிறது. அதைப் படித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நாலு வருஷம், ஜெயந்தி. அது திரும்பி வராது. நீ அதை எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அறையில் இருந்தது அவர், நான், நீ. அதையும் நினைத்துப் பார்த்தேன். கூடை விஷயம் இன்னும் முழுங்கவில்லை. ஆனால் தொண்டையிலிருந்து கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

எடுக்கச் சொல்லப் போகிறேன். ஒழுகினால் ஒழுகட்டும், பழைய படங்கு எறியாமல்தான் கிடக்கிறது. போன தடவை ஒரு பயமும் இல்லாமல் கட்டிலில் ஏறினேன். இந்தத் தடவை பயமாக இருக்கிறது. இருக்க வேண்டிய பயம்தானே, இருக்கட்டும்.

ஒக்டோபர் இருபத்திரண்டு, காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். முதல் நாளே வந்துவிடு. தாளில் என் கையெழுத்தை நான் போடுவேன். அடியில், தமிழில் விளக்கினேன் என்ற இடத்தில் நீ போடு. பேனா கொண்டு வா, அங்கே மேசையில் கயிறு கட்டி வைத்திருக்கிறது எழுதாது.

அக்கா
பேச்சியம்மா